மழை பெய்தால் காருக்குள் தண்ணீரா? சீலன்ட் வாங்கும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் கேட்க ஆரம்பிக்கும் கேள்வி ஒன்றுதான்: "கால் வைக்கிற இடம் ஈரமா இருக்கு, எங்கே சீலன்ட் அடிக்கலாம்?" சீலன்ட் என்பது இடைவெளியை அடைக்கும் பசை. இந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நான் பார்த்த கார்களில் பெரும்பாலானவற்றில் ஓட்டையே கிடையாது. தண்ணீர் வெளியே போகும் வழியில் குப்பை அடைத்துக்கொண்டு, அது உள்ளே திரும்பியிருக்கும்.

கார் பாடி முழுக்க மூடிய பெட்டி இல்லை. கதவுக்குள் தண்ணீர் இறங்கும், வைப்பருக்குக் கீழே தண்ணீர் தேங்கும், சன்ரூஃப் ஓரத்திலும் இறங்கும். எல்லாம் வடிந்து வெளியே போகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். அதனால் முதலில் வடிகால்களைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு சோதிக்க வேண்டும், சீலன்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், ஒழுகலும் நிற்காது.

வெள்ளத்தில் கதவு மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய காருக்கு இது பொருந்தாது. அதை ஸ்டார்ட் செய்யாமல் வண்டியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்புங்கள். கார் இன்னும் வாரண்டியில் இருந்தாலும் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். ஈரத்தைப் படம் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கே போங்கள்.

1. அது மழைத் தண்ணீர்தானா?

பக்கத்து சீட்டின் கால் பகுதி மட்டும் நனைந்திருந்தால் முதல் சந்தேகம் ஏசி மேல் வர வேண்டும். நம்மூர் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் ஏசியின் குளிர்விக்கும் பெட்டியும் காற்றை ஊதும் புளோயரும் பெரும்பாலும் இடப்பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பெட்டியில் சொட்டும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் விழ வேண்டும். குழாய் அடைத்தால் அது கார்பெட்டில் விழும்.

இதைச் சோதிக்க மழை இல்லாத நாளில் காரைக் காற்றோட்டமான வெளியிடத்தில் நிறுத்தி ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு, கீழே குனிந்து பாருங்கள். சென்னை புழுக்கத்தில் கட்டாயம் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, உள்ளே ஈரமும் கூடுகிறது என்றால் ஏசி மெக்கானிக்கிடம் போனால் போதும், இந்த வழிகாட்டியின் மீதி உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்தது ஹீட்டரில் கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். தொட்டால் வழவழப்பாக இருக்கும், இனிப்பு கலந்த வாடை வரும், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் தெரியும். பானெட்டுக்குள் கூலன்ட் டப்பாவின் அளவும் குறைந்திருக்கும். வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இன்ஜின் சூடேறிவிடும்.

இந்த இரண்டும் இல்லை, மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகுதான் ஈரம் வருகிறது என்று உறுதியானால் மேலே போகலாம்.

2. கையில் என்னென்ன வேண்டும்

நல்ல டார்ச், சாதாரண தோட்டக் குழாய், ஒரு மக், பழைய செய்தித்தாள், முகப் பவுடர், சாக்பீஸ், டோர் பேடையும் (கதவின் உள்பக்க மூடி) ஓரப் பிளாஸ்டிக்கையும் நெம்பிக் கழற்றும் பிளாஸ்டிக் கருவிகள், உங்கள் கார் மாடலுக்கான உதிரி கிளிப்கள் கொஞ்சம். கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய காரில் கழற்றும்போது நாலைந்து உடையத்தான் செய்யும், அப்புறம் பேடு ஆடும், சத்தம் வரும், அந்த இடைவெளியிலேயே தண்ணீரும் வரும்.

சன்ரூஃப் இருந்தால் தடிமனான தூண்டில் நரம்போ, புல் வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் நரம்போ வேண்டும். நுனியை லைட்டரில் காட்டி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள், கூராக விட்டால் உள்ளே இருக்கும் குழாயைக் குத்திவிடும்.

கூட ஒரு ஆளும் வேண்டும். ஒருவர் வெளியே தண்ணீர் விட, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும். தனியாகச் செய்தால் தண்ணீர் வந்த இடம் தெரியாது, தேங்கிய இடம்தான் தெரியும்.

சீலன்ட் இந்தப் பட்டியலில் இல்லை. இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

3. கார்பெட்டைத் தூக்குங்கள்

இந்த இடத்தில்தான் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். மேலே தடவிப் பார்த்து "காஞ்சிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். கார்பெட்டுக்கு அடியில் தடிமனான ஃபோமோ கம்பளித் துணியோ இருக்கிறது. அது லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து வைத்திருக்கும். மேல்பக்கம் காய்ந்த பிறகும் அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும், பூஞ்சை பிடிக்கும், காலையில் கண்ணாடி உள்பக்கம் பனி மூடும், தரைத் தகடு துருப்பிடிக்கும்.

சோதனைக்கும் காய்ந்த தரைதான் வேண்டும். ஏற்கெனவே நனைந்த இடத்தில் புதுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ரேடியோவுக்கோ பூட்டுக்கோ கோட் உண்டா என்று அதற்கு முன் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்கோ சீட் பெல்ட்டோ சம்பந்தப்பட்டது. மேனுவலில் சொன்ன நேரம் காத்திருக்காமல் அதைத் தொடக் கூடாது. கழற்றிய நிலையில் இக்னிஷனையும் போடக் கூடாது, ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டிவரும். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர் பக்கமே போகாதீர்கள்.

கதவுப் படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி நெம்பினால் வந்துவிடும். அதன் பிறகு கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் மரக்கட்டை கொடுங்கள். முன்பக்கம் மட்டும் ஈரம் என்றால் சீட்டைக் கழற்றாமலே இவ்வளவு செய்யலாம். பின்பக்கமும் ஊறியிருந்தால் சீட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிடைத்தால் முதலில் அது, பிறகு டேபிள் ஃபேன். இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் கிட்டே வைத்தால் ஃபோம் கருகும், பிளாஸ்டிக் வளையும். தரைத் தகட்டில் தண்ணீர் ஓடிய தடம் மண் கோடாகப் படிந்திருக்கும். அதைத் துடைக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கோடு நல்ல சாட்சி.

4. வடிகால்களைத் திறங்கள்

கார்பெட் காய்கிற நேரத்தில் இதைச் செய்யலாம். நான்கு இடங்கள்.

வைப்பருக்குக் கீழே. கண்ணாடி முடிந்து பானெட் தொடங்கும் இடத்தில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டைக் கௌல் என்பார்கள். முன்கண்ணாடியில் விழும் மழை முழுக்க அதன் சல்லடை வழியாக உள்ளே இறங்கி, இரு ஓரமும் உள்ள துளைகளில் வடிந்து, முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழும். ஏசி வெளிக்காற்றை இழுக்கும் வாயும் இதே பள்ளத்தில்தான் இருக்கிறது. மொட்டைமாடி வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் மாடிப்படி வழியாக வீட்டுக்குள் இறங்குமே, அதேதான் இங்கே நடக்கும்: நிறைந்த தண்ணீர் காற்று வாய் வழியாக புளோயருக்குள் இறங்கிப் பக்கத்து சீட்டின் காலடியில் கொட்டும்.

உறுதி செய்துகொள்ள எளிய வழி, டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை வெளியே எடுப்பது. அது நனைந்தோ, காய்ந்த தண்ணீர்க் கறையோடோ, இலைத்துணுக்கோடோ இருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி.

தூங்குமூஞ்சி மரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ நிறுத்துகிற கார் என்றால் எனக்கு இதில்தான் முதல் சந்தேகம். இரண்டின் சிற்றிலைகளும் சல்லடைக்குள் சுலபமாக நுழைகிற அளவு. உள்ளே போய் மண்ணோடு சேர்ந்து மக்கி, கறுப்புச் சேறாக மூலையில் அப்பிக்கொள்ளும். மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும், தட்டைக் கழற்றினால்தான் அந்தச் சேறு தெரியும்.

கழற்றும் முன் வைப்பர்கள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போடும்போது அதே கோணம் வேண்டும். மூடியை எடுத்து நட்டைத் தளர்த்தி, வைப்பர் கையை இப்படியும் அப்படியும் அசைத்தால் வரும். பிறகு தட்டின் கிளிப்கள், வாஷர் தண்ணீர்க் குழாய். சேற்றைக் கையால் அள்ளி வெளியே போடுங்கள், தண்ணீர் அடித்து உள்ளே தள்ளாதீர்கள். தள்ளினால் துளைக்குள் போய் இறுகும். சில கார்களில் துளையின் முனையில் தட்டையான வாயுள்ள ரப்பர் மூக்கு தொங்கும். அதை விரலால் நசுக்கிவிட்டால் உள்ளே இருந்த சேறு பிதுங்கி வெளியே வரும். முடிந்ததும் ஒவ்வொரு பக்கமும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் உடனே கொட்டுகிறதா என்று பாருங்கள்.

கதவுகள். கண்ணாடிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டை எல்லாத் தண்ணீரையும் தடுக்காது. உள்ளே இறங்கியது கதவின் அடிவிளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். பிரேக் அடிக்கும்போது கதவுக்குள் சலசலவென்று சத்தம் கேட்டால் அவை அடைத்திருக்கின்றன. பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்திவிடுங்கள். டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பெயின்ட் உரிந்து அங்கேயே துரு ஆரம்பிக்கும்.

சன்ரூஃப். அதன் ரப்பர் முழுத் தண்ணீரையும் தடுப்பதற்கு இல்லை. சுற்றி ஒரு தட்டு இருக்கிறது, அதன் மூலைகளிலிருந்து குழாய்கள் கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறங்குகின்றன. மேல்கூரைத் துணியில் கறை, பிரேக் அடித்தால் உள்விளக்குப் பக்கமிருந்து தண்ணீர் என்றால் இதுதான் காரணமாக இருக்கும். கண்ணாடியைத் திறந்து மூலைத் துளையில் நரம்பை மெதுவாக விட்டு இழுங்கள், பிறகு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள். பஞ்சர் கடையில் கம்ப்ரெஸர் காற்றை வேகமாக அடிக்கச் சொல்லாதீர்கள். குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும்.

டிக்கி. ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அடியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி வடித்துவிட்டு, திரும்ப மூடிவிடுங்கள். திறந்தே விட்டால் சாலைத் தண்ணீர் கீழிருந்து ஏறும். டிக்கிக் கதவின் பீடிங்கை (விளிம்பைச் சுற்றி வரும் ரப்பர்) ஒட்டி ஓடும் வாய்க்காலிலும் இலை இருக்கும், துடைத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்த பிறகு ஒரு நல்ல மழைக்குக் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். நிறைய கார்கள் இதோடு சரியாகிவிடும்.

5. குழாய் வைத்துச் சோதனை, கீழிருந்து மேலே

இன்னும் வருகிறது என்றால் காய்ந்த காரில் இதைச் செய்யுங்கள். எல்லாக் கதவையும் மூடி, உள்ளே ஒருவர் உட்காரட்டும். குழாயின் முனையில் எதுவும் மாட்டாமல், மழை வழிகிற அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷர் கூடவே கூடாது. அந்த வேகத்துக்கு நல்ல பீடிங்கும் ஒழுகும், நீங்கள் இல்லாத ஓட்டையைத் தேடுவீர்கள்.

முதலில் கதவின் அடிப்பகுதி, அடுத்து கைப்பிடி உயரம், அடுத்து ஜன்னல் ஓரம், அடுத்து முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, பக்கவிளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டே கீழே வரும், எந்த இடம் ஒழுகியது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கீழிருந்து போனால், உள்ளே முதல் சொட்டு விழும்போது நீங்கள் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் உயரம்தான் குற்றவாளி.

உள்ளே இருப்பவர் தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. டேஷ்போர்டுக்கு அடியில், தூணின் அடிப்பக்கம், கதவுப் பேடின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் டார்ச் அடிக்க வேண்டும். தரையில் செய்தித்தாள் விரித்து வைத்தால் முதல் சொட்டு விழுந்த இடம் கறையாகத் தெரியும். தகடு சேரும் விளிம்புகளில் லேசாகப் பவுடர் தூவினால் தண்ணீர் வந்த பாதை அதில் கோடு போட்டுக் காட்டும்.

டிக்கிக்கும் இதே முறை. ஆனால் பின்சீட்டை மடித்து உள்ளே வழி இருக்கிற காரில் மட்டும் ஆள் உள்ளே போகட்டும், சாவி வெளியே இருப்பவர் கையில் இருக்கட்டும். குழந்தைகளை உள்ளே அனுப்பாதீர்கள்.

வீட்டு வாசல் சரிவாக இருந்தால், வழக்கமாக நிறுத்தும் அதே திசையில், அதே சாய்வில் நிறுத்திச் சோதியுங்கள். சில ஒழுகல்கள் காரின் முன்பக்கம் கீழே சாய்ந்திருந்தால் மட்டும்தான் வரும்.

6. பிடிபடாத ஒழுகலுக்கு

கதவு பீடிங் மேல் சந்தேகம் என்றால் பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். தானாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் அழுத்தம் இல்லை. பீடிங் முழுக்க சாக்பீஸ் தேய்த்துக் கதவை ஒரு முறை மூடித் திறந்தால், பாடியில் வெள்ளைக் கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதும் தெரியும்.

முன்கண்ணாடிக்கு வேறு வழி. இதற்கு பேட்டரி வேண்டும், சீட்டுக்கு அடியில் கழற்றிய கனெக்டர் இருந்தால் அதை மாட்டிய பிறகு பேட்டரியை இணையுங்கள். எல்லா ஜன்னலையும் ஏற்றி, காற்றை வெளியிலிருந்து இழுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே சுற்றும் நிலையில் வைத்தால் அழுத்தம் ஏறாது. வெளியே கண்ணாடி விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் இடைவெளி உள்ள இடத்தில் குமிழ் வரும். மிகச் சின்ன ஒழுகலில் வராமலும் போகலாம், அதனால் குமிழ் இல்லை என்பதை வைத்துக் கண்ணாடியை விடுவித்துவிட வேண்டாம்.

கூடவே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் காரில் கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள்? ஸ்பீக்கர் மாற்றினீர்களா, பவர் விண்டோ போட்டீர்களா, ஃபாக் லேம்ப், பெரிய ஹாரன், ரிவர்ஸ் கேமரா, முன்கண்ணாடி, டிங்கரிங் வேலை? அந்த இடத்தில் முதலில் தேடுங்கள். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டில் வயர் நுழையும் ரப்பர் வளையத்தைக் கிழித்து, பக்கத்திலேயே புது வயரைச் சொருகிவிட்டுப் போவது ஆக்ஸசரி வேலையில் சர்வசாதாரணம். ஓட்டுநர் காலடி மட்டும் நனைகிற கார்களில் நான் முதலில் பார்ப்பது அந்த வளையத்தைத்தான்.

7. இப்போது அடைக்கலாம்

கதவுப் பேடு வழியாக வந்தால் பேடைக் கழற்றுங்கள். உள்ளே பிளாஸ்டிக் தாளோ ஃபோம் தாளோ ஒட்டியிருக்கும். அது தூசிக்கு என்று நினைத்து ஸ்பீக்கர் போடுபவர்கள் கிழித்துவிடுவார்கள். கதவுக்குள் ஓடும் தண்ணீரைப் பேடுக்கு வராமல் திருப்பிவிடுவதே அந்தத் தாள்தான். கிழிந்திருந்தால் தடிமனான பாலித்தீன் தாள் வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசின் போல ஒட்டும் ரப்பர் டேப்) சுற்றிலும் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். தாளின் கீழ்முனை கதவுத் தகட்டின் உள்பக்கம் சொருகியிருக்க வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும். செல்லோ டேப் ஒரு வெயிலுக்குக் கூடத் தாங்காது.

டெயில் லேம்ப், ஆன்டெனா அடி: கழற்றி, பழைய கேஸ்கெட்டை (இடையில் வைக்கும் ரப்பர்) எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்துக் காயவைத்து, புது கேஸ்கெட். கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் லேம்ப் விரிசல் விடும்.

வயர் நுழையும் வளையம்: புதுசு போடுவதுதான் சரி. வயர் உள்ளே நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறுகிற மாதிரி வையுங்கள், வயரோடு வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

பீடிங்: கிழியாவிட்டாலும் தட்டையாகிப்போயிருந்தால் புதியது வாங்குங்கள். கடையில் மீட்டர் கணக்கில் விற்பது அளவு பொருந்தாமல் கதவை மூடவே கஷ்டமாக்கும், உங்கள் மாடலுக்கானதையே கேளுங்கள். துருப்பிடித்த விளிம்பின் மேல் புது பீடிங் மாட்டுவதும் வீண், துருவைத் தேய்த்து பிரைமர் அடித்த பிறகுதான்.

முன்கண்ணாடி: இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒட்டிய கண்ணாடி காரின் பலத்தில் ஒரு பங்கு. பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது அதில்தான் முட்டுக்கொடுக்கிறது. கண்ணாடிக் கடையில் கழற்றி, சுத்தம் செய்து, பிரைமர் போட்டு, கண்ணாடி ஒட்டும் பசையான பாலியூரித்தேனால் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு எவ்வளவு நேரம் ஓட்டக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாத்ரூம் சிலிக்கான் எங்கேயும் வேண்டாம். வினிகர் வாடை வரும் வகை தகட்டை அரிக்கும். அதோடு சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது, கண்ணாடிக் கடைக்காரர் அதைச் சுரண்டவே பாதி நாள் செலவழிப்பார். எம்சீல் மாதிரி கல்லாக இறுகுவதும் ஆகாது, பாடி அதிர்வில் விரிசல் விடும். எந்தத் துளையாக இருந்தாலும், அது வடிகால் இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் அடைக்காதீர்கள். கதவின் அடித்துளையில் யாரோ சீலன்ட் அடித்து, கதவே உள்ளிருந்து துருப்பிடித்துப் போன கார்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

8. மறுபடி சோதித்து, பிறகு பூட்டுங்கள்

அடைத்தது இறுகியதும், முன்பு ஒழுகிய அதே இடத்தில், அதே அளவு தண்ணீர், இந்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். ஒரு கார் இரண்டு வழியாக ஒழுகுவது சகஜம். பெரியது நின்ற பிறகுதான் சின்னது கண்ணில் படும். அதனால் கார்பெட் தூக்கியபடியே இருக்கட்டும்.

தரைத் தகட்டில் துருப்புள்ளி இருந்தால் இப்போதே தேய்த்து பிரைமர் அடித்துவிடுங்கள், இவ்வளவு வசதியாக மறுபடி கைக்கு வராது. அடியில் உள்ள ஃபோமை அழுத்தி, செய்தித்தாள் ஒற்றினால் ஈரம் ஏறவே கூடாது. அதற்கு முன் சமையல் சோடா, வாசனை ஸ்ப்ரே எதுவும் உதவாது, வாடைக்குக் காரணம் ஈரம்தான். ஏற்கெனவே பூஞ்சை பிடித்து நாறும் ஃபோமை மாற்றிவிடுவது உடம்புக்கும் நல்லது.

சீட் போல்ட்டை மேனுவலில் உள்ள இறுக்க அளவுக்கு டார்க் ஸ்பேனரால் பூட்டுங்கள், விபத்தில் உங்களைப் பிடித்து வைப்பது அதுதான். எல்லா கனெக்டரும் மாட்டிய பிறகு கடைசியாக பேட்டரி. கதவுப் படிப் பட்டையை மட்டும் ஒன்றிரண்டு மழை போகும்வரை அழுத்தி மாட்டாமல் சும்மா வைத்திருங்கள், கார்பெட் ஓரத்தைத் தூக்கி விரலை விட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.